மயக்கத்தைத் தூக்கம் என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் சென்ற வாரம் ஒரு தாய் கேட்டிருந்தார்: இரண்டு வயது மகனுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், மயக்கம் கொடுப்பார்களாம், ஆபத்து உண்டா? பதில் மூன்றே வரி. பயப்பட வேண்டாம், குழந்தை சிறிது நேரம் தூங்கும், ஸ்கேன் முடிந்ததும் எழுந்துவிடும். பதில் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு நடப்பது அதுதான். ஆனால் 23 ஆண்டுகள் ஸ்கேன் பிரிவில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். "தூங்கும்" என்ற அந்த ஒரு சொல்லோடு எனக்குத் தீராத கணக்கு ஒன்று இருக்கிறது.

எல்லாரும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறோம். முன்பதிவு மேசையில் "பாப்பாவைத் தூங்க வெச்சுடுவாங்க" என்பார்கள். மருந்துக்கே "தூக்க சிரப்" என்றுதான் பெயர். சற்று நேரத்தில் தாய் வந்து "சிஸ்டர், தூங்கிட்டான்" என்று கிசுகிசுப்பார். "தூங்கிடுச்சா? கொண்டாங்க" என்பார் டெக்னீஷியன். அவ்வளவு இதமான சொல். அதைக் கேட்டதும் அந்த அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் பாரம் இறங்கிவிடும். பாரம் ஏற வேண்டிய நேரமே அதுதான்.

தூங்குகிற பிள்ளைக்கு மூக்கடைத்தால் விழித்துக்கொள்ளும். புரையேறினால் இருமும். கழுத்து மடங்கிக் கிடந்தால் சிணுங்கிப் புரண்டு தானே சரிசெய்துகொள்ளும். எம்.ஆர்.ஐ. கருவியின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக்கூடியது. தகரத்தைச் சுத்தியலால் அடிப்பது போல, அதுவும் காதோரத்தில், அரை மணி, முக்கால் மணி நேரம். காதை அடைத்துத்தான் உள்ளே அனுப்புவோம். அப்படியும் அந்த அதிர்ச்சியில் இமைகூட அசையாமல் கிடக்கிற குழந்தை தூங்கவில்லை. உடம்பு தனக்குத்தானே வைத்திருக்கும் காவலை நாம் மருந்து கொடுத்து விலக்கியிருக்கிறோம். அந்தக் காவலை இனி வேறொருவர் பார்த்தாக வேண்டும்.

லேசான மயக்கம், நடுத்தரம், ஆழ்ந்த மயக்கம், முழு அனஸ்தீசியா என்று மருத்துவர்கள் இதை நான்காகப் பிரிப்பார்கள். கோடு காகிதத்தில்தான். இரண்டாம் படியில் நிற்கட்டும் என்று கொடுத்த மருந்தில் குழந்தை மூன்றாம் படிக்கு வழுக்கிவிடும். ஒரே எடை, ஒரே மருந்து, ஒரே அளவு. ஒரு பிள்ளை அழுதுகொண்டே இருக்கும், இன்னொன்று கிள்ளினாலும் அசையாது. இதில் குழந்தையின் உடல்வாகும் சேர்ந்துகொள்கிறது. வாய்க்கு மீறிய நாக்கு, உடம்புக்கு மீறிய தலை. மல்லாக்கப் படுக்கவைத்தாலே முகவாய் நெஞ்சை நோக்கிச் சரியும். எடைக்கு எடை பார்த்தால் கைக்குழந்தை பெரியவரைப் போல ஏறக்குறைய இரு மடங்கு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. நுரையீரலில் இருப்போ குறைவு. மூச்சு அடைபட்டால் கிடைக்கிற அவகாசம் கொஞ்சம்தான்.

என் கணக்கைச் சொல்கிறேன்.

நான் அந்தப் பிரிவுக்கு வந்து மூன்றாவது ஆண்டு. ஒன்றரை வயதுப் பையன், வலிப்பு வந்ததால் தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். காலை ஒன்பதரைக்கு ட்ரைக்ளோஃபாஸ் என்ற அந்தத் தூக்க சிரப்பைக் கொடுத்தேன். பாதியைத் துப்பிவிட்டான். என் யூனிபார்ம் கையெல்லாம் பிசுபிசுப்பு. உள்ளே போனது எவ்வளவு என்று எனக்கும் தெரியாது, அவன் அம்மாவுக்கும் தெரியாது. அரை மணி நேரம் பார்த்தோம், கண் மூடவில்லை. மறுபடி கொஞ்சம் கொடுத்தேன். "கொஞ்சம்" என்றுதான் குறிப்பிலும் எழுதினேன், எத்தனை மில்லி என்று எழுதவில்லை. அதற்குள் அவசர கேஸ் ஒன்று உள்ளே போய்விட, அவன் முறை தள்ளிப்போனது. பதினொன்றரைக்கு மேஜையில் படுக்கவைத்தபோது துணி மாதிரி கிடந்தான். படங்கள் அத்தனை தெளிவு. இன்றைக்கு இதுதான் நல்ல கேஸ் என்று டெக்னீஷியன் பாராட்டினார்.

வெளியே தூக்கிவந்து தாயின் மடியில் கிடத்தினேன். உள்ளங்காலைச் சுண்டினேன், இமை லேசாக விரிந்து மூடியது. நாடி சீராக இருந்தது. வாசலில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். போகலாம் என்று சொல்லிவிட்டேன்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, திரும்பி வந்தார்கள். பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வரவில்லை. ஸ்கேன் படங்கள் இருந்த பெரிய உறையை நாற்காலியிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். தகப்பனார் அதை எடுக்க உள்ளே வந்தார். வண்டியில் முன்னால் உட்கார்ந்திருந்த தாய் அப்போதுதான் பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். அவர் போட்ட சத்தம் எனக்கு உள்ளே கேட்டது.

குழந்தை இருக்கையில் பட்டை போட்டு உட்காரவைத்திருந்தார்கள். தலை முன்னால் தொங்கி, முகவாய் சட்டைப் பொத்தானில் அழுந்தியிருந்தது. உதடு ஈய நிறம். ஆனால் நெஞ்சு அசைந்துகொண்டிருந்தது. பின்னாளில் புதிதாக வரும் நர்சுகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: மூச்சு அடைபட்ட குழந்தையின் நெஞ்சு சும்மா இருக்காது. தொண்டைக்குழி உள்வாங்கும், விலாவுக்கு நடுவே சதை குழியும், வயிறு மேலே வரும்போது நெஞ்சு கீழே போகும். நான்கடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு "மூச்சு விடுறானே" என்றுதான் தோன்றும். காற்று மட்டும் போகாது. காதை அவன் மூக்கருகே கொண்டுபோனேன், ஒன்றும் இல்லை. தலையை நிமிர்த்தி, தாடையின் இரண்டு மூலையிலும் விரலைக் கொடுத்து முன்னால் தூக்கினேன். குறட்டை மாதிரி ஒரு கரகரப்பு, பிறகு நீளமான ஓர் இழுப்பு. உதட்டில் நிறம் திரும்பியது. மாலை வரை ஆக்சிஜன் வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு வீறிட்டு அழுதான், பாலுக்கு அழுதான், வீட்டுக்குப் போனான். வேறு குறை எதுவும் இல்லை என்று மறுமுறை பரிசோதனைக்கு வந்தபோது தெரிந்துகொண்டேன்.

பதிவேட்டில் அந்த நாளுக்கு எதிரே "ஸ்கேன் முடிந்தது, நலம்" என்றே இருக்கிறது. எழுதியது என் கைதான்.

நடந்தது என்ன என்பதை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ட்ரைக்ளோஃபாஸுக்கு அண்ணன் முறை குளோரல் ஹைட்ரேட். ஜெர்மனியில் லீபிக் என்ற வேதியியலாளர் 1832-இல் செய்தது, 1869-இலிருந்து உறக்க மருந்தாகப் புழங்குவது. இரண்டுமே உடம்புக்குள் போய் ட்ரைக்ளோரோஎத்தனால் என்ற ஒரே பொருளாக மாறித்தான் வேலை செய்கின்றன. அந்தப் பொருள் லேசில் போகாது. பச்சிளங்குழந்தையின் உடம்பில் ஒரு நாளைக்கும் மேல் தங்கிவிடும். ஸ்கேன் அரை மணியில் முடிந்துவிடுகிறது, மருந்து முடிவதில்லை. கருவிக்குள் இருக்கும்போது சத்தம், குளிர், தொட்டுத் தூக்கும் கைகள் என்று ஏதாவது ஒன்று குழந்தையை உசுப்பிக்கொண்டே இருக்கிறது. வண்டிக்குள் அமைதி, ஆட்டம், கதகதப்பு. அங்கேதான் மயக்கம் மறுபடி ஆழமாகிறது. போதாததற்குத் தலை வேறு தொங்குகிறது.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்து விபரீதமான 95 நிகழ்வுகளை அலசிய ஆய்வு ஒன்று அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு வெளியானது. அவற்றில் 51 குழந்தைகள் இறந்திருந்தார்கள். நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் முதலில் கெட்டது மூச்சு, இதயம் பிறகுதான். வீடு திரும்பும் வழியில், வண்டியில், வீட்டுக் கட்டிலில் நடந்தவையும் அந்தக் கணக்கில் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1985-இலேயே இதற்கு வழிமுறை வகுத்து, இன்றுவரை பல முறை திருத்தியிருக்கிறது. மயக்க மருந்தை வீட்டிலேயே கொடுத்துக் கூட்டிவரச் சொல்லாதே என்கிறது அது. நெடுநேரம் தங்கும் மருந்து கொடுத்த குழந்தை, அமைதியான இடத்தில் யாரும் தொந்தரவு செய்யாமலே குறைந்தது 20 நிமிடம் விழித்திருந்தால்தான் அனுப்பு என்கிறது. 20 நிமிடம். நான் அன்று பார்த்தது இருபது விநாடி.

இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் ஸ்கேனைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது. மூளையில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய படத்தை மயக்கத்துக்குப் பயந்து மூன்று மாதம் கடத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன், அது இதைவிடக் கொடுமை. நல்ல செய்தியும் இருக்கிறது. பயிற்சி பெற்ற குழுக்கள், ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே 30,000-க்கும் மேற்பட்ட முறை குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்ததைத் தொகுத்து 2006-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு சாவுகூட இல்லை. அதே ஆய்வின் இன்னொரு எண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும்: ஏறத்தாழ 200-இல் ஒரு முறை, யாராவது கை வைத்து மூச்சுப் பாதையைத் திறக்கவோ மூச்சு கொடுக்கவோ வேண்டியிருந்தது. அந்தக் கை அங்கே இருந்தது. அதனால்தான் முதல் எண் சுழியம்.

ஆகவே பெற்றோர் "எந்த மருந்து கொடுப்பீங்க?" என்று கேட்பதைவிட, "என் பிள்ளை மூச்சு விடுறதை மட்டும் யார் பார்ப்பாங்க?" என்று கேட்பது நல்லது. "மட்டும்" என்பதை அழுத்திக் கேளுங்கள். டெக்னீஷியன் பார்ப்பார் என்று சொன்னால் போதாது. அவர் கண் திரையில் இருக்கும், இருக்கவும் வேண்டும். படத்தையும் பார்த்துப் பிள்ளையையும் பார்க்க ஒருவரால் முடியாது. ஆழ்ந்த மயக்கம் என்றால், வேறு வேலை எதுவும் இல்லாத ஒருவர், மூச்சு நின்றால் மாஸ்க் வைத்து மூச்சு கொடுக்கத் தெரிந்த ஒருவர், தொடக்கத்திலிருந்து கடைசி வரை கூட இருந்தாக வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யில் இது இன்னும் முக்கியம். குழந்தை குழாய்க்குள் போய்விடும். வெளியே தெரிவது இரண்டு பாதம். உதட்டின் நிறம் தெரியாது, சத்தத்தில் குறட்டை கேட்காது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98, 99 என்று காட்டிக்கொண்டே இருக்கும். அது இரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனைக் காட்டுகிறதே தவிர மூச்சைக் காட்டுவதில்லை. அதிலும் மூக்கில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால், மூச்சு நின்ற பிறகும் எண் இறங்க நேரம் பிடிக்கும். வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராபில் ஒவ்வொரு மூச்சும் திரையில் ஒரு மேடாக எழும். மூச்சு நின்றால் அடுத்த கணமே கோடு தட்டையாகிவிடும். அந்தக் கருவி எங்கள் பிரிவுக்கு வந்த நாளில் நான் அழுதேன் என்றால் மிகை என்பீர்கள். அழுதேன்.

அந்த அறையின் காந்தம் எந்நேரமும் உயிரோடு இருப்பது. சாதாரண மானிட்டர் ஒயர்கூடச் சூடேறித் தோலைச் சுட்டுவிடும் என்பதால் அந்த அறைக்கென்றே செய்த கருவிகள் வேண்டும். 2001-இல் நியூயார்க் மாநிலத்தில் ஓர் ஆறு வயதுச் சிறுவன் மயக்கத்தில் கருவிக்குள் இருந்தபோது ஆக்சிஜன் தேவைப்பட்டது. அவசரத்தில் உள்ளே வந்த இரும்பு சிலிண்டரைக் காந்தம் இழுத்து அவன் தலையில் மோதவிட்டது. பிழைக்கவில்லை. அவனுக்கு உதவத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். எது எங்கே இருக்கிறது, குழந்தையை எத்தனை விநாடியில் வெளியே எடுப்பது, யார் எடுப்பது என்பதெல்லாம் மருந்து கொடுப்பதற்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டிய சங்கதி.

பெற்றோர் தரப்புக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெறும் வயிற்றோடு வாருங்கள் என்றால் அது சடங்கு இல்லை. மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நேரே நுரையீரலுக்குப் போகலாம். பொதுவான கணக்கு: தெளிந்த தண்ணீருக்கு 2 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, மற்றப் பாலுக்கும் லேசான உணவுக்கும் 6. உங்கள் மருத்துவர் வேறு சொன்னால் அதுவே சரி. விடிகாலை அழுகை பொறுக்காமல் ஒரு வாய் பால் கொடுத்துவிட்ட பாட்டிமாரை நான் திட்டியதில்லை. மறைத்த தாய்மாரைத் திட்டியிருக்கிறேன். அதுவும் தப்பு என்று பிறகு புரிந்தது. சொன்னால் முறை போய்விடும், மறுபடி எத்தனை வாரம் காத்திருக்க வேண்டுமோ என்ற பயத்தில்தான் மறைக்கிறார்கள். அந்தப் பயத்தை உண்டாக்கியது நாங்கள். பால் குடித்த பிள்ளைக்கு அன்றைக்கே மதியம் இடம் ஒதுக்க ஆரம்பித்தோம். அதற்குப் பிறகு யாரும் மறைத்ததாக எனக்குத் தெரியவில்லை. இன்னொரு பக்கம், தண்ணீரும் கொடுக்காமல் முந்தின இரவிலிருந்தே காயப்போட்டுக் கூட்டிவருவார்கள். நரம்பு கிடைக்காது, ஊசி நாலு முறை குத்த வேண்டிவரும். அதுவும் வேண்டாம்.

கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை சில உண்டு. இரவில் குறட்டை விடுமா, நடுவில் மூச்சு நின்று திணறுமா? டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் வளரும் சதை) உண்டா? குறைமாதத்தில் பிறந்ததா? இந்த வாரம் சளி, வீசிங்? குடும்பத்தில் யாருக்காவது அனஸ்தீசியாவில் காய்ச்சல் ஏறி ஆபத்தானதுண்டா? எடையை அன்றைக்கே பாருங்கள். போன மாதச் சீட்டில் இருப்பதை ஒப்பிக்காதீர்கள், மருந்தின் அளவு அந்த எண்ணிலிருந்துதான் வருகிறது.

மயக்கம் வேண்டுமா என்பதையே கேட்கலாம். இன்றைய சி.டி. கருவியில் படம் எடுக்க ஆகும் நேரம் சில விநாடி. பெரும்பாலும் தாய் பக்கத்தில் நின்றாலே போதும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையைப் பால் கொடுத்துத் துணியில் இறுகச் சுற்றிப் படுக்கவைத்தால் பல நேரம் அதுவாகவே உறங்கிவிடும். அதைத் தூக்கம் என்று தாராளமாகச் சொல்லலாம். ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு நான் கருவியின் சத்தத்தை என் செல்போனில் பதிந்து வைத்துப் போட்டுக் காட்டுவேன். ஒரு சிறுமி கேட்டுவிட்டு, "உள்ளே இருக்கிறவருக்கு என்ன கோவம்?" என்றாள். கோபக்காரர் எழுந்துவிடாமல் நாம் அசையாமல் இருக்க வேண்டும் என்றேன். 25 நிமிடம் மூக்கைக்கூடச் சொறியவில்லை.

மூளை வளர்ச்சி பாதிக்குமா என்ற கேள்வியும் அடிக்கடி வரும். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ மயக்கம் கொடுப்பது பற்றித்தான் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-இல் எச்சரித்தது. ஏழு நாடுகளில் 722 கைக்குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த ஒற்றை அனஸ்தீசியாவால் ஐந்து வயதில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஒரு ஸ்கேனுக்காக இந்தக் கவலை வேண்டாம். வருடத்துக்கு மூன்று நான்கு ஸ்கேன் என்றால், ஒரே மயக்கத்தில் எதை எதைச் சேர்த்து முடிக்கலாம் என்று மருத்துவரிடம் பேசிப் பாருங்கள்.

உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம், ஆசிரியர் அவர்களே. அடுத்த முறை அந்தப் பகுதியில் இந்தக் கேள்வி வந்தால் "மயக்கம்" என்றே அச்சிடுங்கள். வீடு திரும்பும்போது பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் வண்டி ஓட்ட, ஒருவர் பின்னால் பிள்ளையின் முகவாயைப் பார்த்துக்கொண்டே வர, என்று ஒரு வரி சேருங்கள். படிக்கிற தாய் கொஞ்சம் பயப்படுவார். பயப்படட்டும்.

அன்று அந்தத் தாய் முன்னால் போய் உட்கார்ந்தது தானாக இல்லை. பிள்ளையோடு பின்னால் உட்காரத்தான் போனார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நான்தான் சொன்னேன்: "தூங்கட்டும்மா, தொந்தரவு பண்ணாதீங்க. நீங்க முன்னால உக்காருங்க."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்கேன் பிரிவு நர்ஸ் ஒருத்தி